கடிக்கிற மகளும் கயிற்றுக் கட்டிலும்

என் மகளுக்கு ஐந்து வயதானபோது, என் இடது முன்கையில் அவளுடைய பல்வரிசை அச்சு குத்தியதுபோல் பதிந்திருந்தது. பட்டறையில் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டுதான் லேத்தில் நிற்பேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு, "நாயி கடிச்சிச்சாண்ணே? ஊசி போட்டுக்கினியா?" என்று கேட்பார்கள். "எங்க ஊட்டு மகாலட்சுமி கடிச்சது. ஊசி தேவையில்ல" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அந்த மகாலட்சுமி என் மனைவி என்று நினைத்துக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு.

அறுபதுகளின் பிற்பகுதி அது. காக்களூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் நான் லேத் ஓட்டுகிற டர்னர். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் கொண்ட வாடகை வீட்டில் நான், மனைவி, மகள் மூன்று பேரும் இருந்தோம். மனைவியின் தம்பி திருவாலங்காட்டில் பயிர் வைத்திருந்தான். நேரம் கிடைத்தபோதெல்லாம் ரயிலேறி வந்துவிடுவான். அவனுக்கு அக்கா என்றால் உயிர், அக்கா சமையல் என்றால் அதைவிட உயிர்.

மகளுக்குப் பேச்சு வரவில்லை. நாம் சொல்வதில் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள். "சோறு துன்னலாம் வா" என்றால் "வா, வா, வா" என்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் நான் வேலை முடிந்து வந்ததும் என் கையை எடுத்து மூக்கில் வைத்து மெஷின் ஆயில் வாசனையை இழுப்பாள். கைப்பம்பு வாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தால் தெருவில் போகிறவர்களுக்கும் சிரிப்பு வந்துவிடும். சந்தோஷமான பிள்ளை. திடீரென்று ஒரு நிமிஷத்தில் மாறிவிடுவாள். கத்துவாள், அடிப்பாள், கையில் கிடைத்ததை எறிவாள், பக்கத்தில் யார் இருந்தாலும் கடிப்பாள். ஒருமுறை பித்தளை டம்ளர் பறந்து என் மனைவியின் நெற்றியில் பட்டு, ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

அப்போது இதற்கு ஒரு பெயர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. 'ஆட்டிசம்' என்ற சொல்லைப் பல வருஷம் கழித்துப் பட்டணத்தில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் கேட்டோம். அதற்குள் மகள் பெரிய பெண்ணாகியிருந்தாள். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யோசனைகள்தான். தாயத்து கட்டச் சொன்னார்கள், கோயிலில் மண்டலம் இருக்கச் சொன்னார்கள். என் மாமனார் ஊர்ப் பெரியவர் ஒருவர், "நாலு போடு போட்டா அடங்கிடும். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார்.

என் மனைவி அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இப்போ ஊட்ல அடிக்கறது ஒருத்திதான். நாங்களும் அடிச்சா மூணு பேரு ஆயிடுவோம். அப்பால மோர் குடுக்க ஆளு இருக்காது."

அவர் மோரைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

மனைவி ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனால் அவளுக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற குணம். மகள் கடித்துவிட்டால் நான் கையைப் பிடித்துக்கொண்டு துடித்துக்கொண்டிருப்பேன். காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே அவள் என்னை விசாரிப்பாள். "கடிக்கறதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. சும்மா வந்து கடிச்சா."

"சும்மா யாராவது கடிப்பாங்களா? நல்லா யோசிச்சு சொல்லு. நீ எங்க நின்னுக்கினு இருந்த? ஸ்டவ் எரிஞ்சுக்கினு இருந்துச்சா? யாராவது வந்தாங்களா?"

போலீஸ் ஸ்டேஷனில்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவள் ஒவ்வொன்றாகப் பிடித்தாள். பம்பு ஸ்டவ் உஸ்ஸென்று சீறும்போது மகள் காதைப் பொத்துகிறாள். அதோடு யாராவது தொடுவதும் சேர்ந்துகொண்டால் அடி விழுகிறது. மனைவி ஸ்டவ்வைப் பின்புறத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனாள். தலை வாரும்போது கடிக்கிறாள். முடியைக் கிராப்பு வெட்டிவிட்டாள். பெண் பிள்ளைக்குக் கிராப்பா என்று தெருவில் பேசினார்கள். "முடி வளரும், என் கை வளருமா?" என்றாள்.

இவள் கண்டுபிடித்ததில் என்னைப் பாதித்தது சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் பட்டறை அரைநாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன், வந்த கொஞ்ச நேரத்தில் கடி வாங்குவேன். எனக்கு இது தற்செயல் என்றே பட்டது. மனைவி ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "நைனா சாயந்திரம் வரணும். அதான் அவ கணக்கு. நீ மத்தியானம் வந்தா அவளுக்குப் பொழுதே கொழம்பிப் போவுது. இன்னும் சாயந்திரம் வரலியே, இந்த ஆளு எப்படி வந்தான்னு பாக்கறா."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"சாயந்திரம் வா."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து பட்டறை மூடியதும் நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகிற நேரத்துக்காகக் காத்திருந்தேன். சொந்த வீடு எட்டின தூரத்தில் இருக்க, வெளியே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்துக் கடைக்காரர், "ஊட்ல சண்டையா?" என்றார். நான் தலையாட்டினேன். அது விளக்குவதைவிடச் சுலபமாக இருந்தது. சனிக்கிழமைக் கடி நின்றுபோனது. அப்புறம் மனைவி மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, வாரத்துக்குக் கொஞ்சம் முன்னதாக என்னை உள்ளே விட்டாள். மழைக்காலம் முடியும்போது சனிக்கிழமை மத்தியானச் சோறு மறுபடியும் எனக்கு வீட்டில் கிடைத்தது.

எல்லாமே இப்படி லேசாக முடிந்துவிடவில்லை. ஒரு கோடையில் இரண்டு மூன்று நாள் மகள் தூங்காமல் எல்லாரையும் அடித்து, தன் தலையையே சுவரில் மோதிக்கொண்டாள். ஸ்டவ் இல்லை, சீப்பு இல்லை, சனிக்கிழமை இல்லை. மனைவியின் கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. கடைசியில் அவள், "இவ வலது பக்கமாவே மோதிக்கறா பாரு" என்றாள். நானும் மைத்துனனும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காதுக்குள் கட்டி பழுத்திருந்தது. வலிக்கிறது என்று சொல்ல அந்தக் குழந்தைக்கு வாயில்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் என் மைத்துனன் அழுதான். நான் அவனுக்குச் சமாதானம் சொல்லப்போய் நானும் அழுதேன். மருந்து விட்ட மறுநாள் மகள் பம்படியில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொட்டைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு, காரணம் தெரியாமல் அவள் அடித்தால் முதலில் காது, பல், வயிறு என்று பார்ப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கோபம் வந்தபிறகு என்ன செய்வது என்பதையும் தட்டுத்தடுமாறித்தான் கற்றோம். பிடித்து அமுக்கினால் கூடும். "வேணாம்மா, வேணாம்மா" என்று பேசினாலும் கூடும். பேசாமல், தள்ளி நின்றால் குறையும். கடிக்க வந்தால் கைக்குப் பதிலாகத் தண்ணீரில் நனைத்து முறுக்கிய துண்டைக் கொடுப்பாள் மனைவி. ஆரம்பத்தில் மகள் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு என் கையைத் தேடி வந்தாள். பிறகு துண்டு பிடித்துப்போய்விட்டது. எங்கள் வீட்டில் முழுசான துண்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பட்டறையில் நான் ஓரம் கிழிந்த துண்டால் முகம் துடைப்பதைப் பார்த்து எலித்தொல்லையா என்று கேட்டார்கள்.

வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. அதன் மூன்று பக்கமும் மனைவி கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு பழைய கம்பளியைப் போட்டாள். சத்தம் கூடினால் மகள் அதற்குள் புகுந்துகொள்வாள். அங்கே இருக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. அவளாக வெளியே வரும்போது கோபம் போயிருக்கும். நாளாக ஆக, கோபம் வருவதற்கு முன்பே தானாகக் கட்டிலுக்கடியில் போக ஆரம்பித்தாள். விருந்தாளிகள் வந்து சத்தமாகப் பேசினால் அவள் கட்டிலுக்கடியில் போவதைப் பார்த்து நானும் போகலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லாமல் காட்டுவது இன்னொரு வழி. குளிக்கப்போகிறோம் என்றால் செம்பைக் கையில் கொடுப்பது, வெளியே போகிறோம் என்றால் செருப்பைக் கொடுப்பது. சொல்லில் பிடிபடாதது பொருளில் பிடிபட்டது. பிறகு அவளே தாகமெடுத்தால் டம்ளரைக் கொண்டுவந்து என் வயிற்றில் இடிப்பாள். எறிவதற்குப் பதில் இடிப்பது எங்களுக்குப் பெரிய முன்னேற்றம்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. அங்கே ஒரு கம்பெனியில் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தாள்.

"ஸ்டவ்வ எடம் மாத்துனதுக்கே ஒரு வாரம் சோறு துன்னல. ஊட்டையே மாத்துனா?"

"அப்போ வேலை வேணாம்னு சொல்லிடட்டா?"

"யாரு சொன்னாங்க வேணாம்னு? ஊட்ட ஒரே நாள்ல மாத்த வேணாம். கொஞ்சம் கொஞ்சமா மாத்துவோம்."

நான் முதலில் கும்மிடிப்பூண்டி போய், கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடித்துத் தனியாகத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி மகளை அங்கே அழைத்து வருவாள், துணைக்கு மைத்துனன். பெரியபாளையத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.

முதல் ஞாயிறு பெரியபாளையத்தில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினார். மகள் அலறி முன்சீட்டில் இருந்தவரின் முதுகில் குத்தி, காலை உதைத்தாள். கீழே ஒரு அம்மாள் வைத்திருந்த காலி மீன்கூடை உருண்டு பஸ்ஸின் முன்பக்கம் வரை போனது. பழவேற்காட்டு ஏரி இறாலை விற்றுவிட்டுத் திரும்புகிறவள் அவள். "இன்னாம்மா, புள்ளைக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றாள்.

"பேயெல்லாம் இல்லக்கா. விசிலு புடிக்கல, அவ்ளோதான்" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தாள். "எனக்குந்தான் புடிக்கல. காதுகிட்ட வந்து ஊதுறான். யோவ், கையால தட்டக் கூடாதா?"

கண்டக்டர் இளவயசுக்காரர். அடுத்த நிறுத்தத்தில் விசிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். மகள் கையைக் காதிலிருந்து எடுத்தாள். மறுபடி தட்டியதும் அவளும் ஜன்னல் ஓரத் தகரத்தைத் தட்டினாள். பஸ் நகர்ந்தது. தான் தட்டித்தான் பஸ் போகிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி வரை தட்டிக்கொண்டே வந்தாள். நடுவழியில் டிரைவர் இரண்டு தடவை ஏமாந்து கிளம்பிவிட்டாராம். மனைவி இதைச் சொல்லும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன்பின் எல்லா ஞாயிறும் அதே பஸ்ஸையே பிடித்தார்கள்.

புதுவீட்டில் முதல் ஞாயிறு அவள் வாசலைத் தாண்டவில்லை. நாங்களும் இழுக்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சை சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஞாயிறு உள்ளே வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, கட்டில் போடப்போகிற மூலையில் மனைவி கம்பளியை விரித்தாள். மகள் அதன்மேல் உட்கார்ந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். இப்படியே மாசக்கணக்கில் போனது. சமையல் சாமான் ஒவ்வொரு பையாக பஸ்ஸிலேயே வந்துசேர்ந்தது. கடைசியில் பழைய வீட்டில் மீதி இருந்தது பெட்டி, படுக்கை, கட்டில்.

குடிபோகிற நாள் காலையில் ஒரு லாரி கொண்டுவந்தேன். கட்டிலைத் தூக்கினதும் மகளின் உதடு துடிக்க ஆரம்பித்தது. என்ன வரப்போகிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். மைத்துனன் ஈரத்துண்டை எடுக்கப் போனான். மனைவி, "கட்டில லாரிலயே போடு. கவுத்துப் போடாத, ஊட்ல இருக்கற மாதிரியே போட்டுத் துணியக் கட்டு" என்றாள்.

அப்படியே செய்தோம். செருப்பை மகளின் கையில் கொடுத்தாள். மகள் செருப்பைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். நான் தூக்கிவிட்டதும் நேராகக் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். கட்டிலின் மேல் மனைவி ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் ஒரு பக்கம், மைத்துனன் ஒரு பக்கம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, திறந்த லாரியில் கட்டில்மேல் ராணி மாதிரி அவள் காலை மடக்கி உட்கார்ந்து வந்தாள். வழியில் வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்து மாட்டுவண்டிக்காரர், "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். மைத்துனன், "கட்டிலுக்கு" என்றான். கீழே கறுப்புத் துணிக்குள்ளிருந்து "கட்டிலுக்கு, கட்டிலுக்கு" என்று குரல் வந்ததும் அந்த மனிதர் பயந்து மாட்டை ஓரம் கட்டினார்.

கும்மிடிப்பூண்டியில் தெருக்காரர்கள் இரண்டு பேர் கை கொடுக்க, நாலு பேராகக் கட்டிலை இறக்கினோம். மகளும் கீழே இறங்கி, நாங்கள் தூக்கிப் பிடித்த கட்டிலுக்கடியிலேயே நடந்து வந்தாள். வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, கட்டிலைச் சாய்க்காமல் உள்ளே கொண்டுபோக முடியாது. சாய்த்தால் அவளுடைய வீடு சாய்ந்துவிடும். நாலு பேரும் கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றோம்.  மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள், தானாக உள்ளே போனாள், கம்பளி விரித்துப் பழகின மூலையில் குந்தித் தரையைக் கையால் தட்டினாள். பஸ் தகரத்தைத் தட்டுகிற அதே தட்டு.

"சாய்ச்சுக் கொண்டாங்கய்யா. உத்தரவு ஆயிடுச்சு" என்றாள் என் மனைவி.

நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளிலேயே வந்துகொண்டிருந்ததால் ஒன்றை மறந்தே போயிருந்தோம். காலை எட்டு மணிக்குக் கம்பெனி சங்கு ஊதியது. அறிமுகமாகிப் பேச வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் மகளின் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லையைத் தாண்டி ஆந்திரத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வாங்கினாள். நான் அப்போது கம்பெனிக்குள் இருந்தேன். சாயந்திரம் வந்தபோது மனைவி நெற்றியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பண்றது? சங்கக் கையால தட்டச் சொல்ல முடியுமா?" என்றாள்.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளே மறுபடி வந்தாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. சண்டைக்கு வருகிறாள் என்று என் மனைவி எழுந்து நின்றாள். அவள், "அக்கா, நேத்து ராத்திரி அரிசி ஊறப் போட்டுட்டேன். எங்க ஆட்டுக்கல்லு தேஞ்சு போச்சு. உங்க கல்லுல ஆட்டிக்கினு போவட்டா?" என்றாள். மனைவிக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வருமா? அந்த அம்மாள் உட்கார்ந்து குழவியைச் சுற்ற ஆரம்பித்தாள். கடகடவென்ற சத்தம் பின்கட்டு முழுவதும் நிறைந்தது. மகள் வந்து எதிரே குந்தினாள். குழவியின் மேல் கை வைத்தாள். இரண்டு பேருமாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. மகள் தோளைக் குறுக்கிக்கொண்டாள், குழவியை இன்னும் வேகமாகச் சுற்றினாள். சங்கு நின்றது. யாருக்கும் அடி விழவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை எட்டு மணி என்றால் மாவாட்டுகிற நேரம். அவ்வளவு மாவை மூன்று பேர் தின்ன முடியாது. பக்கத்து வீட்டு அரிசி வந்தது, எதிர்வீட்டு உளுந்து வந்தது. சங்கு ஊதுவதற்கு முன்னால் மகளே ஊறின அரிசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கல்லண்டை போய்விடுவாள். பாரமான கல்லைச் சுற்றச் சுற்ற அவள் உடம்பில் இருந்த முறுக்கும் தளர்ந்தது. மாவாட்டிய நாளில் மத்தியானம் வரை யாரோடும் பேஜாரு கிடையாது. மாவு பஞ்சு மாதிரி இருக்கும். உப்பு மட்டும் அவளை நம்பிக் கொடுக்க முடியாது.

கடி ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். தீபாவளி வெடிக்குத் துண்டு வேண்டும். என் கம்பெனியில் ஷிஃப்ட் மாறின வாரம் எனக்கு ஒன்று கிடைத்தது. ஆனால் முன்பு தினமும் நடந்தது, பிறகு மாசத்துக்கு எப்போதோ என்று ஆனது. நடந்தாலும் எங்களுக்குப் பயம் போயிருந்தது.

ஒரு பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு அம்மாளின் நாத்தனார் ஊரிலிருந்து வந்திருந்தாள். மாவு வாங்க எங்கள் வீட்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கல்லண்டை உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்து நாத்தனார் தயங்கி, "இந்தப் பொண்ணு அடிக்குமாமே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அடிக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள். "நீ அந்த இரும்பு நாற்காலிய தரையில தரதரன்னு இழுத்தியானா அடிக்கும். அவ அடிக்கலைன்னா நான் அடிப்பேன். தூக்கிப் போட்டு குந்து."

நாத்தனார் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி, சத்தம் வராமல் சுவரோரம் வைத்து உட்கார்ந்தாள். என் மனைவி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். மகள் மாவு வழித்த கையோடு எழுந்து வந்து, நாத்தனாரின் புதுப்புடவையை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் குழவியைப் பிடித்துக்கொண்டாள்.